"அந்த நாட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும்": இதில் எவ்வளவு உண்மை?

யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று பேச்செடுத்தால் போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "அழகு எங்கேயும் ஒன்றுதான், அது மனித இயற்கை" என்பார்கள். இன்னொரு பக்கம், "அதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு, அந்த நாட்டில் பருமனாக இருந்தால்தான் அழகு, இந்த நாட்டில் ஒல்லியாக இருந்தால்தான் அழகு" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் எங்கோ படித்த ஓர் ஆய்வின் அரைவரி கைவசம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மக்களுக்கும் சேர்த்து ஒரே ரசனையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வாய்ப்பேச்சோடு நின்றால் பரவாயில்லை. வேறு பண்பாட்டில் வளர்ந்த ஒருவரை விரும்பும் பிள்ளைகள் இந்த மாதிரிப் பட்டியல்களைப் படித்துவிட்டு, "அவர்களுக்கு என்னைப் போன்ற ஆளைப் பிடிக்காதாம்" என்று ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமலே ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தன் உடம்பையே வெறுக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். உளவியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, பொறுமையாகப் படித்தால் போதும்.

வீடு தேடும் இரண்டு பேர்

முதலில் ஆளை விட்டுவிட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பஞ்சம் உள்ள ஊரில் ஒருவர் வாடகை வீடு தேடுகிறார். கதவைத் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணீர் எப்படி வரும்?" இன்னொருவர் அடிக்கடி வெள்ளம் வரும் ஊரில் தேடுகிறார். அவர் குழாயைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, தெருவுக்கும் வாசற்படிக்கும் எத்தனை அடி உயரம் என்றுதான் பார்க்கிறார்.

இரண்டு பேருக்கும் தண்ணீரும் வேண்டும், மேடான இடமும் வேண்டும், வெளிச்சமும் நல்ல அக்கம்பக்கமும் வேண்டும். பட்டியல் ஒன்றுதான். ஆனால் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது வேறு, ஏனென்றால் எது தட்டுப்பாடோ, எது இல்லாவிட்டால் வாழ்க்கை முடங்குமோ, அதற்கு மதிப்பெண் ஏறிவிடும். இந்த மதிப்பெண்ணை இனி "எடை" என்று சொல்வோம்: ஒருவர் ஒரு குணத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார் என்பதுதான் அதன் எடை.

இப்போது இரண்டு ஊர்க்காரர்களையும் பார்த்த ஒருவர், "அந்த ஊர்க்காரர்களுக்கு உயரமான வாசற்படி என்றால் உயிர், அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று எழுதினால் எப்படி இருக்கும்? துணையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

37 குழுக்களிடம் கேட்ட கேள்வி

இந்தத் துறையில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்டது. 33 நாடுகள், 37 குழுக்கள், பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் 18 குணங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, உங்கள் துணையிடம் இது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். இன்னொரு தாளில் 13 குணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள்.

இந்த ஆய்விலிருந்து வெளியே பரவிய செய்தி ஒன்றுதான்: ஆண்கள் இளமையையும் அழகையும் பார்க்கிறார்கள், பெண்கள் சம்பாத்தியத்தைப் பார்க்கிறார்கள். அந்த வேறுபாடு தரவில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே தரவில் அதைவிடப் பெரிதாகக் கண்ணில் பட வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, வரிசையின் உச்சியில் இருந்தவை. அன்பாகவும் புரிந்துகொள்பவராகவும் இருப்பது, அறிவு, நம்பகமான குணம், ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பு. ஆண், பெண் இருபாலரும் உலகின் பெரும்பாலான இடங்களில் இவற்றைத்தான் மேலே வைத்தார்கள். அழகும் பணமும் இவற்றுக்குக் கீழேதான் வந்தன. இது ஏனோ யார் வாயிலும் வருவதே இல்லை.

இரண்டு, எது மிகவும் மாறியது என்பது. கல்யாணத்துக்கு முன் வேறு யாரோடும் உடலுறவு இல்லாதிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் இடத்துக்கு இடம் தலைகீழாக மாறியது. சீனா, இந்தியா, இந்தோனேசியா, ஈரான் போன்ற இடங்களில் அதற்கு எடை மிக அதிகம். ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து போன்ற இடங்களில் பலர் அது ஒரு பொருட்டே இல்லை என்ற அளவுக்கு மதிப்பெண் போட்டார்கள். மொத்தத்தில் பார்த்தால், ஒருவரின் பதிலை அவர் ஆணா பெண்ணா என்பதைவிட அவர் எந்தப் பண்பாட்டில் வளர்ந்தார் என்பதுதான் அதிகம் மாற்றியது.

காதல் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது: சரியா?

எடை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல கருவி ஒரே ஒரு கேள்விதான். 1960களில் அமெரிக்க மாணவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது. "நீங்கள் எதிர்பார்க்கும் எல்லா நல்ல குணங்களும் ஒருவரிடம் இருக்கின்றன. ஆனால் அவர்மேல் உங்களுக்குக் காதல் இல்லை. கல்யாணம் செய்துகொள்வீர்களா?"

மேலே படிப்பதற்கு முன் நீங்களே ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ராபர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 11 நாடுகளின் மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஏறக்குறைய பாதிப் பேர் "செய்துகொள்வேன்" என்றார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 4 பேருக்கும் குறைவு. இதைப் பார்த்ததும், ஒரு பக்கத்தவர் மனம் இல்லாமல் கணக்குப் போடுகிறவர்கள், இன்னொரு பக்கத்தவர் காதலுக்காக உயிரைக் கொடுப்பவர்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

1967இல் வெளியான அந்த முதல் ஆய்வுக்குத் திரும்பிப் போவோம். அமெரிக்க ஆண் மாணவர்களில் கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர், காதல் இல்லாமல் மாட்டேன் என்றார்கள். பெண்களில் அப்படிச் சொன்னது 24 சதவீதம்தான். மீதிப் பெண்களில் மிகப் பலர் "தெரியவில்லை" என்று இழுத்தார்கள். பெண்களுக்குக் காதலில் ஆர்வம் குறைவா என்ன? அன்று அங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தரம் பெரும்பாலும் கணவனின் வருமானத்தைப் பொறுத்தே இருந்தது, எனவே நல்ல குணமும் நிலையான வேலையும் உள்ள ஒருவரைக் காதல் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடுவது அவளுக்குப் பெரிய துணிச்சல். பெண்கள் தாங்களே சம்பாதிப்பது பரவிய பிறகு, 1984இல் அதே கேள்வியைக் கேட்டபோது, ஆண்கள் பெண்கள் இரண்டு தரப்பிலும் 85 சதவீதத்தை ஒட்டி "மாட்டேன்" என்றார்கள். நாடும் மொழியும் அதேதான், இடையில் 17 ஆண்டுகள்தான் போயிருந்தன.

ஆக, கல்யாணம் என்பது ஓர் இடத்தில் எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்க வேண்டும். முதுமையில் பார்த்துக்கொள்ள ஆள், பிள்ளை வளர்க்க உதவி, நோய் வந்தால் பணம், இவையெல்லாம் குடும்பம் வழியாக மட்டுமே கிடைக்கும் இடத்தில், துணை என்பவர் ஒருவரின் மனதுக்குப் பிடித்தவர் மட்டுமாக இருக்க முடியாது, முழுக் குடும்பத்தோடும் ஒட்ட வேண்டும். அங்கே பெற்றோரின் சொல்லுக்கும் குடும்பப் பின்னணிக்கும் எடை கூடும். அதே உதவி சம்பளம், ஓய்வூதியம், காப்பீடு என்று வேறு வழியில் கிடைத்துவிட்டால், இரண்டு பேருக்கு இடையிலான ஈர்ப்புக்கு எடை கூடும். காதல் என்ற உணர்வு எல்லா இடத்திலும் இருக்கவே இருக்கிறது. மானுடவியலாளர்கள் வில்லியம் ஜான்கோவியாக், எட்வர்ட் ஃபிஷர் இருவரும் 1992இல் 166 சமூகங்களின் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, 147இல் காதலுக்குச் சான்று கிடைத்தது. உணர்வு இருப்பது வேறு, அதை வைத்துக் கல்யாணத்தை முடிவுசெய்வது வேறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான், எடைதான் மாறுகிறது. அந்த எடையைத் தட்டுப்பாடும் வாழ்க்கை ஏற்பாடும் தீர்மானிக்கின்றன. அவை மாறினால் ஒரே தலைமுறைக்குள் எடையும் மாறிவிடும்.

ஒரே விருப்பம், வேறு வேறு அடையாளம்

எடை பாதிக் கதைதான். மற்றொரு பாதி, நேரடியாகப் பார்க்க முடியாத ஒன்றை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்பது. ஒருவர் ஆரோக்கியமானவரா, வசதியானவரா, பொறுப்பானவரா என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. கண்ணுக்குத் தெரியும் ஏதோ ஒன்றை வைத்துத்தான் ஊகிக்கிறோம். அப்படி ஊகிக்க உதவும் வெளி அடையாளத்துக்குச் "சமிக்ஞை" என்று பெயர். விரும்பப்படும் விஷயம் ஒன்றாகவே இருந்தாலும் சமிக்ஞை இடத்துக்கு இடம் மாறும், "நீர்" என்பதை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு சொல்லால் சொல்வது மாதிரி.

உடல் பருமனை எடுத்துக்கொள்ளுங்கள். உணவு நிச்சயமில்லாத இடத்தில் சதைப்பிடிப்பான உடம்பு என்ன சொல்கிறது? "இந்த வீட்டில் பஞ்சம் இல்லை, இவருக்கு நோயில்லை" என்கிறது. உணவு மலிந்த இடத்தில் அதே உடம்பு அந்தச் செய்தியைச் சொல்வதில்லை. அங்கே நேரமும் பணமும் செலவழித்துப் பெற்ற ஒல்லி உடம்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சகாராவை ஒட்டிய நைஜர் நாட்டின் அசவாக் அரபு மக்களிடம் பெண்ணின் பருமன் அழகின் உச்சம். மொரிட்டானியாவில் சிறுமிகளை வலுக்கட்டாயமாகப் பால் குடிக்கவைத்துப் பருமனாக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கொடுமை, பண்பாடு என்று சொல்லித் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பெண்களைப் பற்றியும் எனக்கு அதே வருத்தம்தான். எதிரெதிர் உடம்புகள்தான், ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு சமிக்ஞையைத் துரத்திக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இது ரத்தத்தில் ஊறியது இல்லை என்பதைக் காட்டும் சின்னச் சோதனை ஒன்று 2005இல் வெளிவந்தது. ஒரு பல்கலைக்கழக உணவுக்கூடத்து வாசலில் மாணவர்களைப் பிடித்து, சிலரிடம் சாப்பிடப் போகும்போதும் சிலரிடம் சாப்பிட்டு வரும்போதும், துணையின் உடல் எடை எவ்வளவு இருந்தால் பிடிக்கும் என்று கேட்டார்கள். பசியோடு உள்ளே போன ஆண்கள், வயிறு நிறைந்து வெளியே வந்தவர்களைவிடச் சற்றே கூடுதல் எடையைச் சொன்னார்கள். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அசைகிற ரசனையை மாறாத இயல்பு என்று எப்படிச் சொல்வது?

சமிக்ஞைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பல்லையே பாருங்கள். ஜப்பானில் பல நூற்றாண்டுகள் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். இரும்பைக் காடியில் ஊறவைத்து அதோடு ஒருவகைத் தாவரத் துவர்ப்புத் தூளைச் சேர்த்து, பளபளவென்று மை மாதிரி பூசுவார்கள். கறுப்புப் பல் மேன்மையின், திருமணமான பெண்ணின் அடையாளம். 1870இல் அரசு உயர்குடியினருக்கு அதைத் தடைசெய்தது. 1873இல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்த பிறகு வழக்கம் வேகமாகத் தேய்ந்தது. இன்று அதே நாட்டில் வெள்ளைப் பல்தான் அழகு. பல்லின் ஆரோக்கியத்தைப் பற்றி யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, மேலிடத்தில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்களோ அந்தப் பக்கம் சமிக்ஞையும் திரும்பியது.

அலங்காரம் பெண்ணுக்குத்தான், பார்வை ஆணுக்குத்தான் என்று நினைப்பவர்கள் நைஜர் பகுதியின் வொடாபே மக்களைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கெரேவோல் விழாவில் ஆண்கள்தான் மணிக்கணக்கில் முகத்துக்குச் சாயம் பூசிக்கொள்கிறார்கள். மூக்கு நீளமாகத் தெரிய நடுவில் ஒரு வெளிர்க்கோடு இழுப்பார்கள், உதட்டைக் கறுப்பாக்குவார்கள். பிறகு வரிசையாக நின்று ஆடிக்கொண்டே கண்ணை அகல விரித்து, பல் முழுதும் தெரியச் சிரிப்பார்கள், ஏனென்றால் அங்கே வெண்மையான கண்ணும் பல்லும் அழகு. தேர்ந்தெடுப்பது பெண்கள்.

கண் பழகும் விதம்

சமிக்ஞை நம் தலைக்குள் எப்படி இறங்குகிறது? யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்: மற்றவர்கள் யாரை மதிக்கிறார்கள் என்று பார்த்து நாமும் அந்தப் பக்கம் சாய்கிறோம். பேரரசியின் பல் கதை அதுதான்.

இன்னொன்று வெறும் பழக்கம். 1968இல் ராபர்ட் சாயன்ஸ் என்ற உளவியலாளர் காட்டியது இது: அர்த்தம் தெரியாத எழுத்தோ முன்பின் தெரியாத முகமோ, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் போதும், அதன்மேல் நமக்கு விருப்பம் கொஞ்சம் கூடுகிறது. இதைப் "பழக்க ஈர்ப்பு" என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் எந்த மாதிரி முகங்களையும் உடம்புகளையும் பார்த்து வளர்கிறோமோ அவை நமக்கு "இயல்பு" ஆகிவிடுகின்றன, அந்த இயல்பிலிருந்துதான் அழகை அளக்கத் தொடங்குகிறோம்.

இதற்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால், இடம் மாறியவர்களைப் பார்க்க வேண்டும். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்து ஜூலு மக்கள், பிரிட்டனில் வாழும் வெள்ளையர்கள், தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய ஜூலு மக்கள் என்று பல குழுக்களிடம் பெண்களின் படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னது. கிராமத்தில் இருந்தவர்களுக்குப் பருமனான உடல்கள் பிடித்தன. பிரிட்டன்காரர்களுக்கு ஒல்லியான உடல்கள். குடியேறியவர்கள் நடுவில் நின்றார்கள். இனம் அதே இனம், பிறந்து வளர்ந்த நாடும் அதே நாடு, கண் மட்டும் புதிய இடத்துக்குப் பழகிக்கொண்டிருந்தது.

எல்லோரும் இடம் மாற வேண்டியதுகூட இல்லை, படம் வீட்டுக்கு வந்தாலே போதும். ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அதுவரை அங்கே நன்றாகச் சாப்பிட்டு வாட்டசாட்டமாக இருப்பதுதான் மெச்சப்பட்டது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டும் 1998லும் பள்ளி மாணவிகளிடம் பேசினார். உடல் எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக முதல் முறை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், இரண்டு முறையும் அறுபது சொச்சம் பேர். ஆனாலும் அந்தச் சிறுமிகளை நினைத்தால் என்னால் அதை வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

பண்பாடு எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறதா? அதுவும் இல்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நூற்றுக்கணக்கான இரட்டையர் ஜோடிகளிடம் ஒரே முகப்படங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மரபணு முழுக்க ஒன்றாக உள்ள இரட்டையர்கள்கூட ரசனையில் வேறுபட்டார்கள். ஒவ்வொருவரின் தனிப்பட்ட ரசனையைப் பெரும்பாலும் வடிவமைத்தது அவரவர் சொந்த அனுபவம்தான், ஒரே வீட்டில் வளர்ந்ததுகூட அவ்வளவாக உதவவில்லை. யாரைப் பார்த்தோம், யார் நம்மிடம் அன்பாக இருந்தார்கள், எந்த முகம் எப்போது கண்ணில் பட்டது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வரலாறு இருக்கிறது, ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்த இரண்டு பேருக்கும்கூட.

இந்தப் பகுதியில் புதிதாக வந்த சொற்கள் இரண்டு. சமிக்ஞை, அதாவது கண்ணுக்குத் தெரியாததை ஊகிக்க உதவும் வெளி அடையாளம். பழக்க ஈர்ப்பு, அதாவது அடிக்கடி பார்ப்பதால் வரும் விருப்பம். எடை, சமிக்ஞை, பழக்கம், இந்த மூன்றும் சேர்ந்துதான் "பண்பாட்டு வேறுபாடு" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை உண்டாக்குகின்றன.

எந்தப் பக்கத்திலிருந்து படம் வரைந்தார்கள்?

இங்கே ஒரு கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த கதை இது.

இடுப்புச் சுற்றளவை புட்டச் சுற்றளவால் வகுத்தால் ஓர் எண் வரும். இடுப்பு சிறுத்து, கீழே அகன்ற உடலுக்கு அந்த எண் குறைவாக இருக்கும். 1993இல் தேவேந்திர சிங் என்ற உளவியலாளர், கோட்டோவியங்களைக் காட்டி, 0.7 என்ற அளவுதான் ஆண்களுக்கு மிகவும் பிடிக்கிறது என்று காட்டினார். உடனே அது உலகப் பொதுவிதி என்று பரவியது. 1998இல் பெரு நாட்டின் மட்சிகென்கா பழங்குடியினரிடம் இதே மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த கிராமத்து ஆண்கள் அந்த விதியைப் பொய்யாக்கினார்கள், இடுப்பு சிறுத்த உருவங்களை அவர்கள் விரும்பவில்லை. பிறகு தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடம் போனார்கள். அங்கேயும் அப்படியே. சரி, பொதுவிதி செத்தது, எல்லாம் பண்பாடுதான் என்று எதிர்த்தரப்பு கொண்டாடியது.

2005இல் அதே ஹட்சா மக்களிடம் ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். இந்த முறை ஒரே ஒரு மாற்றம்: முன்பக்கத்திலிருந்து வரைந்த படத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டிலிருந்து வரைந்த படம். பக்கவாட்டில் பார்த்தால் புட்டம் பின்னால் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்பது தெரியும், முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது. இப்போது ஹட்சா ஆண்கள், அமெரிக்க ஆண்களைவிடக் குறைந்த எண்ணுள்ள உருவங்களை, அதாவது பின்பக்கம் நன்கு எடுப்பானவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அளவீடு உடலைச் சுற்றி எடுக்கப்படுவது, முன்னும் பின்னும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. இரண்டு கோணங்களையும் சேர்த்துப் பார்த்தால், இரு சமூகங்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் முன்பு தோன்றியதைவிட மிகவும் சுருங்கிவிட்டது.

எந்தப் பக்கத்திலிருந்து வரைவது என்பது அவ்வளவு சின்ன விஷயம், யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அதுவே வேறுபாட்டைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் போதுமானதாக இருந்தது. அதனால்தான் "இன்ன நாட்டு மக்களுக்கு இது பிடிக்கும்" என்று யாராவது சொன்னால், என்ன காட்டினார்கள், யாரிடம் காட்டினார்கள், என்ன வார்த்தையில் கேட்டார்கள் என்று நான் முதலில் தேடுகிறேன். "யாரிடம்" என்பதும் சாதாரணமில்லை. உளவியல் ஆய்வுகளில் பெரும்பங்கு மேற்கத்திய நாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்திருக்கிறது என்பதை 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் சக ஆய்வாளர்களும் உரக்கச் சொன்ன பிறகுதான் பலரும் விழித்துக்கொண்டார்கள்.

பெண்கள் சம்பாதித்தால் வேறுபாடு மறையுமா?

இதற்குச் சுருக்கமான பதில் இல்லை, சண்டை இன்னும் நடக்கிறது. 1999இல் ஆலிஸ் ஈக்லி, வெண்டி வுட் இருவரும் பஸ்ஸின் பழைய தரவையே எடுத்து, பெண்களுக்கு அதிகாரமும் வருமானமும் அதிகமுள்ள நாடுகளில் ஆண் பெண் விருப்பங்களுக்கு இடையிலான இடைவெளி சிறிதாக இருப்பதைக் காட்டினார்கள். 2020இல் 45 நாடுகளில் 14,399 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆண்கள் அழகுக்கும் பெண்கள் சம்பாத்தியத்துக்கும் சற்றுக் கூடுதல் எடை தருவது மறுபடியும் தெரிந்தது. சமத்துவம் அதிகமுள்ள நாடுகளில் ஜோடிகளுக்கு இடையிலான வயது வித்தியாசம் குறைவாக இருந்தது. மற்ற விருப்பங்களில் சமத்துவத்தோடு உறுதியான தொடர்பு தெரியவில்லை. என் எண்ணத்தைக் கேட்டால், எடை சூழ்நிலையால் மாறுகிறது என்பது உறுதி, எல்லாக் குணங்களும் ஒரே வேகத்தில் மாறும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

மாற்றம் நடக்கிறது என்பதற்கு நேரான சாட்சி, ஒரே நாட்டில் ஆண்டுக்கணக்கில் கேட்கப்பட்ட கேள்வித்தாள். அமெரிக்காவில் 1939இல் தொடங்கி 1996 வரை அதே 18 குணங்களைப் பல முறை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பும் காதலும் என்பது முதலில் நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருந்து, பிறகு முதலிடத்துக்கு ஏறியது. கல்யாணத்துக்கு முந்தைய கற்பு வரிசையில் கடைசிப் பக்கம் இறங்கியது. சீனாவில் 1983இலும் 2008இலும் கேட்டு ஒப்பிட்டபோதும் கற்புக்கான எடை வெகுவாகக் குறைந்திருந்தது. "அவர்கள் பண்பாடு அப்படி" என்று நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் அது பழைய செய்தியாகிவிடுகிறது.

சராசரியோடு யாரும் குடும்பம் நடத்துவதில்லை

இப்போது முதலில் சொன்ன பிள்ளைகளிடம் வருகிறேன். சராசரியாக ஆண்கள் பெண்களைவிட உயரம். அது உண்மை. ஆனால் தெருவில் இறங்கி நடந்தால், பல ஆண்களைவிட உயரமான பெண்கள் கண்ணில் படத்தான் செய்வார்கள். உயரத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது, அதிலேயே இவ்வளவு கலப்பு. துணையைப் பற்றிய விருப்பங்களில் இரண்டு நாடுகளுக்கு இடையில் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் அதைவிடச் சிறிது, ஒரு நாட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடோ மிகப் பெரிது. குழுவின் சராசரியை எடுத்து ஒரு தனி ஆளின் தலையில் ஒட்டுவதைச் "சராசரிப் பிழை" என்று சொல்லலாம். லெவினின் ஆய்வுக்கே திரும்புங்கள். பாதிப் பேர் "காதல் இல்லாமலும் செய்துகொள்வேன்" என்றார்கள் என்றால், மீதிப் பாதி அப்படிச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம். அந்த நாட்டிலிருந்து ஒருவர் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்தப் பாதி? கேட்டால்தான் தெரியும்.

கேட்டாலும் முழுதாகத் தெரியாது என்பது அடுத்த சிக்கல், ஏனென்றால் நமக்கு என்ன பிடிக்கும் என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. பால் ஈஸ்ட்விக், எலி ஃபின்கல் என்ற இருவர் மாணவர்களுக்காக ஒரு சந்திப்பு நடத்தினார்கள், ஒவ்வொருவரும் எதிர்ப்பாலினர் பலரோடு சில நிமிடங்கள் பேசிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். வருவதற்கு முன் வாங்கிய தாளில் வழக்கமான பதில்கள்தான் இருந்தன: ஆண்கள் அழகுக்குக் கூடுதல் எடை தந்தார்கள், பெண்கள் சம்பாத்தியத்துக்கு. நேரில் பேசிய பிறகு யாரைப் பிடித்தது என்று பார்த்தால், அந்த ஆண் பெண் வேறுபாட்டைக் காணவில்லை. தாளில் எழுதிய விருப்பமும் நேரில் வந்த விருப்பமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. 2008இல் இதை வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை, தாளில் எழுதியதையோ படத்தைப் பார்த்துச் சொன்னதையோதான் அளந்தவை என்பதை இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

2017இல் சமந்தா ஜோயல் என்ற ஆய்வாளர் ஈஸ்ட்விக், ஃபின்கல் இருவரோடும் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். இதே மாதிரிச் சந்திப்புக்கு வந்தவர்களிடம் குணம், விருப்பம், வளர்ப்பு, எதிர்பார்ப்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களை முன்கூட்டியே வாங்கி, எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதைக் கணினி ஓரளவு சொன்னது. யார் பொதுவாகவே எளிதில் பிறரை விரும்புகிறவர் என்பதையும் ஓரளவு சொன்னது. இந்தக் குறிப்பிட்ட ஒருவருக்கு இந்தக் குறிப்பிட்ட இன்னொருவரைப் பிடிக்குமா என்று கேட்டபோது, அதனால் சொல்லவே முடியவில்லை.